பி.ஏ. தமிழ் இலக்கியம்: சேர்வது, வாசிப்பது, எழுதுவது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூவில் எந்தக் குரூப் படித்திருந்தாலும் பி.ஏ. தமிழில் சேரலாமா?

சேரலாம். அறிவியல், வணிகவியல், தொழிற்பிரிவு எதுவும் தடையில்லை. பகுதி ஒன்றில் தமிழ் படித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலான மற்றப் பட்டங்களுக்கு நான்கு பாடங்களின் கூட்டு மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். பி.ஏ. தமிழுக்கோ தமிழ்ப் பாடத்தில் நூற்றுக்கு எவ்வளவு என்பதை வைத்துத்தான் தரவரிசை போடுவார்கள். கணக்கில் குறைந்துவிட்டது என்று விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். தமிழில் தொண்ணூறுக்கு மேல் இருந்தால் நல்ல கல்லூரியிலேயே இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு.

மூன்று ஆண்டுகளில் என்னதான் படிப்போம்?

ஆறு பருவங்கள். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் தாள்களின் பெயர் மாறினாலும் உள்ளடக்கம் ஏறத்தாழ ஒன்றுதான்: இக்கால இலக்கியம், சிற்றிலக்கியம், பக்தி இலக்கியம், காப்பியம், அற இலக்கியம், சங்க இலக்கியம், இலக்கணம், இலக்கிய வரலாறு, மொழி வரலாறு, திறனாய்வு. இவற்றோடு இதழியல், மொழிபெயர்ப்பு, நாட்டார் வழக்காற்றியல், கணினித் தமிழ் போன்றவை விருப்பத் தாளாக வரும்.

பெரும்பாலான பாடத்திட்டங்கள் இக்காலத்தில் தொடங்கிப் பின்னோக்கிப் போகும். புதுக்கவிதையும் சிறுகதையும் முதல் ஆண்டில் வரும், சங்கப் பாட்டு மூன்றாம் ஆண்டில் வரும். மொழிப் பழக்கத்துக்கு இது வசதிதான், ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. ஐந்தாம் பருவத்தில் முதன்முறையாக அகநானூற்றைத் திறப்பவருக்கு அதை நிதானமாகப் படிக்க இருப்பது நான்கு மாதம்தான். அதனால் பாடத்தில் வரும்வரை காத்திருக்காமல் முதல் ஆண்டிலேயே வாரம் இரண்டு குறுந்தொகைப் பாட்டு என்று தொடங்கிவிடுங்கள்.

சங்கப் பாட்டைப் பார்த்தால் ஒரு வரியும் புரியவில்லை. உரையை மட்டும் படித்தால் போதாதா?

தேர்வில் தேறப் போதும், இலக்கியம் படிக்கப் போதாது. உரை சொல்வது பாட்டின் பொருளை. பாட்டு எப்படிச் சொல்கிறது என்பது மூலத்தில்தான் இருக்கிறது. மூலத்தைப் படிக்க ஒரு முறை இருக்கிறது. பழகினால் ஆறடிப் பாட்டுக்கு முப்பது நிமிடம் ஆகும். தொடக்கத்தில் ஒரு மணி நேரம் பிடிக்கும்.

முதலில் வாய்விட்டு மூன்று முறை படியுங்கள். பொருளைத் தேட வேண்டாம். பழைய பாட்டு சீர் பிரித்து அச்சிடப்பட்டிருக்கும், சொல் பிரித்து அல்ல. இதை அறியாததுதான் முக்கால்வாசிக் குழப்பத்துக்குக் காரணம். குறுந்தொகை 40ஆம் பாட்டின் கடைசி அடியில் ‘தாங்கலந் தனவே’ என்று இருக்கும். ‘தாங்க’ என்று ஒரு சொல்லும் ‘தன’ என்று ஒரு சொல்லும் இருப்பதாகக் கண் ஏமாறும். உண்மையில் அது தாம் + கலந்தன + ஏ. அதற்கு முந்தைய அடியில் வரும் ‘பெயனீர்’ பெயல் + நீர். நிலைமொழி ஈற்று லகரத்தின் முன் வந்த நகரம் னகரமாகத் திரிய, லகரம் கெட்டது. பெயல் என்றால் மழை என்று தெரிந்த கணமே செம்மண் நிலத்தில் விழுந்த நீர் கண்முன் வந்துவிடும். இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்த புணர்ச்சி விதி இதற்குத்தான்.

அதனால் இரண்டாம் படி, சொல் பிரித்து ஒரு தாளில் எழுதுவது. மூன்றாம் படி, வினைமுற்றைக் கண்டுபிடிப்பது. அது பெரும்பாலும் பாட்டின் கடைசியில் இருக்கும். யார் செய்தார், எதைச் செய்தார் என்று அதிலிருந்து பின்னோக்கிக் கேட்டுக்கொண்டு வாருங்கள். இடையில் நீளமாக வரும் மரம், விலங்கு, மலை வருணனையைப் பென்சிலால் அடைப்புக்குள் போட்டுவிட்டுப் படித்தால் வாக்கியத்தின் எலும்புக்கூடு தெரியும். பிறகு அடைப்பை நீக்கி, அந்த வருணனை ஏன் அங்கே இருக்கிறது என்று கேளுங்கள். உள்ளுறை, அதாவது வருணனைக்குள் மறைந்திருக்கும் பொருள், அங்கேதான் இருக்கும்.

நான்காவதாகத் திணை, கூற்று (யார் பேச்சு), துறை (எந்தச் சூழல்). பேசுவது தலைவியா, தோழியா, யாரிடம் பேசுகிறார், கேட்காதவர் போல யார் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் ஆன பிறகு உரையைத் திறவுங்கள். உங்கள் பொருளும் உரைகாரர் பொருளும் எங்கே பிரிகின்றன என்று பார்ப்பதுதான் நீங்கள் எழுதப்போகும் கட்டுரைக்கு விதை.

எதில் தொடங்குவது?

குறுந்தொகை. 401 பாட்டு. 307, 391 ஆகிய இரண்டு பாட்டுகள் ஒன்பது அடியில் வருவதை விட்டால் மற்றவை நான்கிலிருந்து எட்டு அடிக்குள் முடிந்துவிடும். நற்றிணை அடுத்தபடி. அகநானூறு 13 முதல் 31 அடி வரை போவதால் அதற்குக் கொஞ்சம் மூச்சு வேண்டும். ஆனால் அதில் ஒரு வசதி, எண்ணைப் பார்த்தே திணை சொல்லலாம். ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை, 2, 8 என முடிபவை குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், பத்து, இருபது எனச் சுழியத்தில் முடிபவை நெய்தல். கலித்தொகையையும் பரிபாடலையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் யாப்பும் மொழியும் வேறு.

எந்தப் பதிப்பை வாங்குவது? இணையத்தில் கிடைப்பது போதாதா?

இரண்டும் வேண்டும், வேறு வேறு வேலைக்கு. ஒரு சொல் எங்கெல்லாம் வருகிறது என்று தேட இணையம். மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பில் மூலங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உரையோடு கூடிய நூல்களும், நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்களும், பழைய அச்சுப் பிரதிகளின் பட வடிவமும் இருக்கின்றன. ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் ‘நூலகம்’ என்ற இணையதளம்.

மேற்கோள் காட்ட அச்சுப் பதிப்பு வேண்டும். காரணம் பாடவேறுபாடு. ஓலைச்சுவடிக்கு ஓலைச்சுவடி சொல் மாறியிருக்கும். உ.வே.சாமிநாதையரின் 1937ஆம் ஆண்டுக் குறுந்தொகைப் பதிப்பில் பதவுரை, விளக்கவுரையோடு பாடவேறுபாடும் ஒப்புமைப் பகுதிகளும் இருக்கின்றன. ஒப்புமைப் பகுதி என்பது ஒரு தொடர் பிற நூல்களில் எங்கெல்லாம் வருகிறது என்ற பட்டியல். ஒரு மாணவர் ஒரு மாதம் உட்கார்ந்து திரட்டவேண்டியதை அவர் இரண்டு வரியில் தந்திருப்பார். சந்தி பிரித்துப் படிக்க விரும்புகிறவர்களுக்கு மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட பதிப்புகள் நல்ல துணை. ஆனால் அதற்குள்ளேயே நின்றுவிட்டால் பிரிக்கும் பழக்கம் உங்களுக்கு வராது. நீங்கள் பிரித்தது சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க அதை வைத்துக்கொள்ளுங்கள்.

அகராதிக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும் 1939இல் பிற்சேர்க்கையாகவும் வந்தது. இப்போது இணையத்திலும் தேடலாம். அதில் ஒரு சொல்லுக்குப் பத்துப் பொருள் இருந்தால் எல்லாவற்றையும் படியுங்கள். முதல் பொருளை எடுத்துக்கொண்டு ஓடுவதில்தான் தவறு நேர்கிறது. இன்றைய உரைநடைக்குக் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி.

இலக்கணத்தில் முதலில் நன்னூலா, தொல்காப்பியமா?

நன்னூல். எழுத்தும் சொல்லும் மட்டும் உள்ளது, சூத்திரங்கள் சுருக்கம், வரிசை தெளிவு. பிறகு தொல்காப்பியத்துக்கு வாருங்கள். அதற்கு மூன்று அதிகாரத்துக்கும் சேர்த்து இளம்பூரணர் உரை இருக்கிறது. சொல்லதிகாரத்துக்குச் சேனாவரையர், தெய்வச்சிலையார் போன்றோரும், பொருளதிகாரத்தில் பின்னைய இயல்களுக்குப் பேராசிரியரும், நச்சினார்க்கினியரும் உண்டு. ஒரே சூத்திரத்துக்கு இரண்டு உரைகளை அருகருகே வைத்துப் படியுங்கள். அறிஞர்கள் மறுக்கும்போது எவ்வளவு மரியாதையாகவும் கறாராகவும் மறுக்கிறார்கள் என்பதும் சேர்ந்து கற்றுக்கொள்ள வேண்டியது.

யாப்பு மண்டையில் ஏறவே இல்லை. அலகிட (சீரை அசையாகப் பிரித்துப் பார்க்க) எளிய வழி உண்டா?

கையால் போட்டுப் பார்ப்பதுதான் வழி. தனிக்குறிலோ நெடிலோ, ஒற்றோடு வந்தாலும், நேர். இரு குறிலோ குறில்நெடிலோ இணைந்தால் நிரை. முதல் குறளை எடுத்துக்கொள்ளுங்கள். அக/ர, முத/ல இரண்டும் நிரை நேர், அதாவது புளிமா. எழுத்/தெல்/லாம் நிரை நேர் நேர், புளிமாங்காய். ஆ/தி தேமா. பக/வன், முதற்/றே புளிமா. கடைசிச் சீர் உலகு, வாய்பாடு பிறப்பு. மாவுக்குப் பின் நிரை வருகிறதா, காய்க்குப் பின் நேர் வருகிறதா என்று ஒவ்வோர் இணைப்பையும் பாருங்கள். இந்த இணைப்புதான் தளை. வெண்பாவில் எங்கும் தளை தட்டாது. தட்டினால் நீங்கள் சீரைத் தவறாகப் பிரித்திருக்கிறீர்கள்.

நாளுக்கு மூன்று குறள், ஒரு மாதம். பிறகு காதே சொல்லிவிடும். பலருக்குத் தவறும் இடம் ஒற்று. ஒற்றை அலகாக எண்ணாமல், முன்னெழுத்தோடு சேர்த்து அங்கேயே அசையை முடித்துவிடுங்கள்.

கல்லூரியில் கதை, கவிதை எழுதக் கற்றுத் தருவார்களா?

படைப்பிலக்கியம் என்று ஒரு தாள் சில கல்லூரிகளில் இருக்கிறது. பெரும்பாலும் அது சிறுகதை என்றால் என்ன, அதன் கூறுகள் யாவை என்ற வரையறைகளோடு முடிந்துவிடுகிறது. வரையறை தெரிந்தவர் எழுதிவிட முடியாது. எழுதுவதற்கான ஏற்பாட்டை நீங்களே செய்துகொள்ள வேண்டியிருக்கும்.

ஐந்து முதல் ஏழு பேர் போதும். வாரம் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம், இருவர் எழுதிய இரண்டு படைப்புகள், ஒவ்வொன்றும் ஆயிரம் சொல்லுக்குள். கூடுவதற்கு மூன்று நாள் முன்பே எல்லோர் கைக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அங்கே உட்கார்ந்து முதல்முறை வாசித்தால் உருப்படியான கருத்து வராது. கூட்டத்தில் எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. முதல் ஐந்து நிமிடம் மற்றவர்கள் பாராட்டாமலும் குறை சொல்லாமலும், கதையில் என்ன நடந்தது என்று மட்டும் சொல்ல வேண்டும். எழுதியவர் சொன்னதாக நினைத்துக்கொண்டு சொல்லாமல் விட்டது அந்த ஐந்து நிமிடத்திலேயே வெளியே வந்துவிடும். பிறகு ஒவ்வொருவரும் வாசிப்பு நின்ற ஓர் இடத்தையும், திரும்பப் படிக்கத் தோன்றிய ஓர் இடத்தையும் வரி எண்ணோடு காட்டட்டும்.

இப்படிப்பட்ட குழுக்கள் நான்காம் ஐந்தாம் வாரத்தில் கலைவது வழக்கம். இருவர் மட்டுமே எழுதிக்கொண்டு மற்றவர்கள் கருத்துச் சொல்பவர்களாகவே இருந்துவிடுவதுதான் காரணம். முதல் நாளே யார் எந்த வாரம் என்று பருவம் முழுமைக்கும் முறை வைத்துவிடுங்கள். இன்னொரு கெடுதல், எழுத்துப்பிழை திருத்துவதிலேயே நேரம் போய்விடுவது. பிழையைத் தாளிலேயே குறித்துக் கொடுத்துவிட்டுப் பேச்சைக் கதையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

என் நடை பாடநூல்போல இருக்கிறது. எப்படி மாற்றுவது?

கட்டுரைப் பயிற்சியில் பழகிய முன்னுரை, முடிவுரை, பொருத்தமில்லாத மேற்கோள், ‘என்றால் அது மிகையாகாது’ போன்ற தேய்ந்த தொடர்கள்தான் அந்த நடை. அவற்றை நீக்கினால் பாதிக் கட்டுரை காணாமல் போகும். அந்த இடத்தில் நீங்கள் கண்டதை வைக்க வேண்டும்.

உரையாடலுக்கு ஒரு பயிற்சி இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களின் பேச்சை அவர்கள் சம்மதத்தோடு பத்து நிமிடம் கைப்பேசியில் பதிவு செய்து, கேட்டபடியே எழுத்தில் கொண்டுவாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மனிதர்கள் வாக்கியத்தை முடிப்பதில்லை, கேட்ட கேள்விக்கு நேரே பதில் சொல்வதில்லை, ஒரே சொல்லுக்குத் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்பதெல்லாம் காதில் விழும். எழுதும்போது அந்தப் பேச்சை அப்படியே நிரப்ப வேண்டாம். ‘இருக்கிறது’ என்பது உங்கள் ஊரில் ‘இருக்கு’ என்றா ‘இருக்குது’ என்றா வரும் என்று முடிவு செய்து, கதை முழுவதும் அதையே வையுங்கள். ஒரே பாத்திரம் ஒரு வரியில் ‘வந்துட்டு’ என்றும் அடுத்த வரியில் ‘வந்துவிட்டு’ என்றும் பேசினால் வாசகர் நம்ப மாட்டார்.

அடுத்தது, எழுதியதை ஒரு வாரம் மூடி வைத்துவிட்டுப் பாதியாகக் குறைப்பது. ஆயிரம் சொல்லை ஐந்நூறாக்குங்கள். எதை விட முடியவில்லையோ அதுதான் கதை.

ஒற்றுப்பிழை தீரவே மாட்டேன் என்கிறது.

விதிகள் நிறைய, ஆனால் அன்றாடம் தவறும் இடங்கள் சிலதான். ‘அந்த, இந்த, எந்த’வுக்குப் பின்னும், ‘ஐ’, ‘கு’ உருபுகளுக்குப் பின்னும் வல்லினம் மிகும்: அந்தப் பையன், பாட்டைப் படித்தான், ஊருக்குப் போனான். வன்தொடர்க் குற்றியலுகரத்தில் முடியும் வினையெச்சத்தின் பின் மிகும், மற்றக் குற்றியலுகர வினையெச்சங்களின் பின் மிகாது: படித்துப் பார்த்தேன், ஆனால் வந்து பார்த்தேன், செய்து கொடுத்தேன். ‘எனக் கூறினார்’ மிகும், ‘என்று கூறினார்’ மிகாது. வினைத்தொகையில் மிகவே மிகாது: ஊறுகாய், குடிதண்ணீர்.

ஒற்றைவிடக் கண்ணை உறுத்துவது எண் மயக்கம். ‘நூல்கள் உள்ளது’ தவறு, ‘உள்ளன’ சரி. ‘ஒவ்வொரு மாணவர்களும்’ தவறு, ‘ஒவ்வொரு மாணவரும்’ சரி. ‘அது பிழை அல்ல’ என்பது பேச்சில் நிலைத்துவிட்டது. ஆனால் இலக்கணத் தாளில் ஒருமைக்கு ‘அன்று’, பன்மைக்கு ‘அல்ல’ என்றே எழுதுங்கள்.

தேர்வில் பக்கம் பக்கமாக எழுதினால்தான் மதிப்பெண்ணா?

இல்லை. பல பல்கலைக்கழகங்களில் அகமதிப்பீடு 25, பருவத்தேர்வு 75. அந்த எழுபத்தைந்து பெரும்பாலும் பத்து இரண்டு மதிப்பெண், ஐந்து ஐந்து மதிப்பெண், மூன்று பத்து மதிப்பெண் வினாக்களாக வரும். மூன்று மணி நேரத்தில் சிறு வினாக்களுக்கு 30 நிமிடம், நடுத்தர வினாவுக்குப் பத்துப் பத்து நிமிடம், நெடு வினாவுக்கு 25 நிமிடம் என்று வைத்தால் 155 நிமிடம் ஆகும். மிச்சம் 25 நிமிடம் வினாத்தாளைப் படிக்கவும் திருத்தவும்.

நெடுவினாவில் மதிப்பெண் குறைவதற்கு முதல் காரணம், கேட்டதை விட்டுவிட்டுத் தெரிந்ததை எழுதுவது. ‘நெய்தல் திணையில் இரங்கலை விளக்குக’ என்று கேட்டால் ஐந்து திணைக்கும் பட்டியல் போடுகிறார்கள். மூன்று பாட்டு எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் மூலத்திலிருந்து ஒன்றிரண்டு அடி காட்டி, அந்த அடியில் எந்தச் சொல் இரக்கத்தைத் தூக்கிப் பிடிக்கிறது என்று சொல்லுங்கள். அதுவே பத்துக்குரிய விடை. மேற்கோள் தவறாக நினைவிருந்தால் பொருளை எழுதுங்கள். அடியைக் கற்பித்து எழுதுவது பெரும்பிழை.

திட்டக் கட்டுரைக்கு எப்படித் தலைப்பு எடுப்பது?

‘சங்க இலக்கியத்தில் மனிதநேயம்’ போன்ற தலைப்பை விடுங்கள். சங்க இலக்கியம் 2381 பாட்டு. ஒரு பருவத்தில் அவ்வளவையும் உங்களால் நேரில் படிக்க முடியாது. படிக்காவிட்டால் மற்றவர் கட்டுரைகளிலிருந்து மேற்கோளை எடுக்க வேண்டிவரும். கருத்துத் திருட்டு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது, கெட்ட எண்ணத்தில் அல்ல.

நீங்களே ஐந்து முறை படிக்கக்கூடிய அளவுக்கு மூலத்தைச் சுருக்குங்கள். ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் பாடிய மருதம் நூறு பாட்டு, ஒவ்வொன்றும் மூன்று முதல் ஆறு அடி. அதன் கடைசிப் பத்து எருமைப் பத்து. அந்தப் பத்துப் பாட்டில் எருமை எதற்கெல்லாம் உவமையாகிறது, களவன் பத்தில் நண்டு செய்யும் வேலையிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது என்பது நாற்பது பக்கத்துக்குத் தாராளமான பொருள்.

ஒவ்வொரு மேற்கோளுக்கும் நூல், பாட்டு எண், அடி எண், பதிப்பாசிரியர், ஆண்டு ஐந்தையும் எடுக்கும்போதே ஓர் அட்டையில் எழுதிவிடுங்கள். கடைசி வாரத்தில் தேடினால் கிடைக்காது. சென்னைக்கு வர முடிந்தவர்கள் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும், பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சா. நூலகத்தையும் ஒருமுறையாவது பயன்படுத்திக்கொள்ளுங்கள். போகுமுன் தேவையான நூற்பட்டியலைக் கையில் வைத்திருங்கள்.

தட்டச்சு செய்ய எதைப் பழகுவது?

தமிழ்99 விசைப்பலகை. யூனிகோடிலேயே தட்டுங்கள். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் குப்பையாகத் தெரியும். கவனிக்க வேண்டிய இன்னொன்று, ‘ஔ’ என்ற ஓரெழுத்துக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்து அடிப்பது. பார்க்க ஒன்றுபோல இருக்கும், தேடினால் கிடைக்காது.

படித்தால் என்ன வேலை கிடைக்கும்?

பள்ளி ஆசிரியர் பணிக்குப் பி.எட். வேண்டும். பட்டதாரி ஆசிரியருக்கு அதோடு தகுதித் தேர்வு இரண்டாம் தாள். முதுநிலை ஆசிரியருக்கு எம்.ஏ., பி.எட். கல்லூரிக்கு எம்.ஏ.வில் 55 விழுக்காடும் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு நெட் எழுத 50 விழுக்காடு போதும். நெட் தேர்வு 150 வினா, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், தவறான விடைக்குக் கழிவு இல்லை. எனவே ஒரு வினாவையும் விடாமல் எழுதுங்கள்.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வின் 200 வினாக்களில் 100 தமிழ். அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. பட்டம் மட்டும் போதாது, பள்ளியிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். அதற்கான சான்றிதழைப் படித்த ஒவ்வொரு நிறுவனத்திலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு வந்த பிறகு பழைய பள்ளிக்கு அலைவது கடினம்.

பதிப்பகம், நாளிதழ், மொழிபெயர்ப்பு, வசன வரி எழுதுதல் போன்ற பணிகளில் பட்டத்தைவிட ஒரு பக்கத்தைப் பிழையின்றித் திருத்திக் கொடுக்க முடிகிறதா என்பதையே பார்ப்பார்கள். ஆங்கிலத்திலிருந்து வாரம் ஒரு பக்கம் மொழிபெயர்த்துப் பழகுகிறவருக்கு மூன்று ஆண்டு முடிவில் காட்டுவதற்கு நூற்றைம்பது பக்கம் இருக்கும்.

ஓராண்டு நோட்ஸ் படித்தே போய்விட்டது. இப்போது எங்கிருந்து பிடிப்பது?

இந்தப் பருவப் பாடத்திலிருந்தே. வகுப்பில் நாளை நடத்தப்போகும் பகுதியின் மூலத்தை இன்றிரவு ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டுப் போங்கள். புரியாத மூன்று சொல்லைக் குறித்துக்கொண்டு, ஆசிரியர் அந்த இடத்துக்கு வரும்போது கேளுங்கள். சனிக்கிழமை, அந்த வாரம் படித்த ஒரு பாட்டைப் பற்றி நூலைப் பார்க்காமல் ஒரு பக்கம் எழுதுங்கள். ஒரு பருவத்தில் பதினைந்து பக்கம் சேரும். அதில் தேறுகிற இரண்டு மூன்றை உங்கள் துறை ஆசிரியரிடம் கொடுத்துத் திருத்தித் தரச் சொல்லுங்கள்.